சர்வரிடம் ஒருமுறை சொன்னதை ஏன் 400 முறை சொல்ல வேண்டும்?

ஆம்பூரில் காலணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்துக்கு நான் நிரல் எழுதித் தருகிறேன். பேக்கிங் முடிந்த ஜோடிகளின் படங்களும் பேக்கிங் லிஸ்ட்டுகளுமாகச் சுமார் 400 சிறு கோப்புகள் ஒவ்வொரு மாலையும் ஐரோப்பாவில் உள்ள வாடிக்கையாளரின் எஃப்.டி.பி. (கோப்புகளை அனுப்பவும் பெறவும் உதவும் நெறிமுறை) சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். கடைசிக் கோப்பு போகும்வரை டெஸ்பாட்ச் பிரிவில் ஒருவர் வீட்டுக்குக் கிளம்ப முடியாமல் காத்திருப்பார். "லைன் ஸ்லோவா இருக்கு சார், பெரிய பிளானா போட்டுடலாம்" என்று அவர் சொல்ல, இன்டர்நெட் இணைப்பையும் மாற்றினார்கள். ஆனால், காத்திருக்கும் நேரம் ஏறத்தாழ அப்படியே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரியில் என் வீட்டில் உட்கார்ந்து லாகை (அனுப்பிய கட்டளைகளும் வந்த பதில்களும் பதிவாகும் கோப்பை) வரிவரியாகப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் நாங்கள் பயன்படுத்தும் லைப்ரரி (கோப்பு அனுப்பும் வேலையைச் செய்யும் ஆயத்த நிரல் தொகுப்பு), இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு 'நூப்', மேல் ஃபோல்டருக்குப் போக ஒரு 'சி.டபிள்யூ.டி.', உரிய ஃபோல்டருக்குள் இறங்க மறுபடி ஒரு 'சி.டபிள்யூ.டி.', எங்கே நிற்கிறோம் என்று கேட்க ஒரு 'பி.டபிள்யூ.டி.', பைனரியாக (பைட் எதையும் மாற்றாமல் அப்படியே) அனுப்பப் போகிறேன் என்று அறிவிக்க ஒரு 'டைப் ஐ' என்று ஐந்து கட்டளைகளை அனுப்பிக்கொண்டிருந்தது. முந்தைய கோப்பும் அதே ஃபோல்டருக்குத்தான் போனது, அதுவும் பைனரியாகத்தான் போனது.

ஒரு கட்டளை இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய்ப் பதில் திரும்ப 200 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்து கட்டளைகளுக்கு ஒரு நொடி. 400 கோப்புகளுக்கு 400 நொடி, அதாவது 6 நிமிடம் 40 நொடி. அந்த நேரம் முழுவதும் லைனில் எதுவுமே ஓடவில்லை, பதிலுக்காகக் காத்திருந்ததுதான் நடந்தது என்பதால், லைனை எவ்வளவு அகலமாக்கினாலும் அதில் ஒரு நொடிகூடக் குறையாது.

எஃப்.டி.பி.யின் முதல் வரைவை 1971-இல் எழுதியவர் ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த அபய் பூஷண். இன்றும் அடிப்படையாக இருப்பது 1985-இல் வந்த ஆர்.எஃப்.சி. 959 என்ற இணையத் தர ஆவணம். கோப்பை அனுப்பும் முறை பற்றிய அமைப்புகளை மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் கட்டளை அனுப்பினால் போதும், கடைசியாகச் சொன்னதே தொடர்ந்து நிற்கும் என்று அந்த ஆவணமே கூறுகிறது. சர்வர் நினைவில் வைத்திருக்கிறது. நம் பக்கத்து (கிளையண்ட்) லைப்ரரிதான் மறந்துவிடுகிறது. பைத்தான் நிரல்மொழியோடு வரும் எஃப்.டி.பி.லிப் என்ற லைப்ரரிகூட ஒவ்வொரு பைனரி அப்லோடுக்கும் புதிதாக ஒரு 'டைப் ஐ' அனுப்பத்தான் செய்கிறது.

லைப்ரரி எழுதுபவர்கள் சோம்பலால் இப்படிச் செய்வதில்லை. எந்த ஃபங்ஷனை எந்த வரிசையில் அழைத்தாலும் கோப்பு சிதையக் கூடாது என்ற அக்கறைதான் காரணம். அந்த அக்கறை நியாயமானது. இணைப்பு அறுந்து மறுபடி லாகின் ஆனால் சர்வர் இயல்பாகவே, எழுத்துக் கோப்புகளுக்கான ஆஸ்கி முறைக்குத் திரும்பிவிடும். அப்போது லைப்ரரி, 'பைனரி என்று முன்பே சொல்லிவிட்டேன்' என்று நம்பி 'டைப் ஐ'யைத் தவிர்த்தால், வரிமுடிவுக் குறிகள் என்று கருதிச் சில பைட்டுகள் மாற்றப்பட்டு, படங்கள் திறக்கவே முடியாமல் போகலாம். ஆகவே, கடைசியாக என்ன சொன்னோம் என்ற நினைவு லைப்ரரிக்கு வேண்டும். அதைச் சரியான நேரத்தில் அழிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். புதிய இணைப்பு என்றால் நினைவு வெற்றாகத் தொடங்க வேண்டும். சர்வரிடமிருந்து 250 ('சரி, முடிந்தது') என்ற பதில் வந்த பிறகே ஃபோல்டர் மாறியதாகக் குறித்துக்கொள்ள வேண்டும். 550 ('முடியவில்லை') வந்தால் பழைய இடத்தில்தான் நிற்கிறோம். கோப்புப் பட்டியல் கேட்கும் ஃபங்ஷன் தன் பங்குக்கு 'டைப் ஏ' (ஆஸ்கி முறை) அனுப்பினால், அதுவும் அதே நினைவில் பதிய வேண்டும்.

எல்லாவற்றையும் வெட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும், டேட்டா இணைப்புக்கான போர்ட் எண்ணைக் கேட்கும் ஒரு 'பாஸ்வ்' போவதைப் பார்த்து அதையும் நீக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வழக்கமான ஸ்ட்ரீம் முறையில் கோப்பு போகும் தனி டேட்டா இணைப்பு மூடப்படுவதுதான் கோப்பு முடிந்ததற்கான அடையாளம் என்பதால், அடுத்த கோப்புக்குப் புதிய இணைப்பு தேவை. அதற்கான போர்ட் எண்ணைக் கேட்டே ஆக வேண்டும். அதேபோல, அனுப்பிய பிறகு சர்வரில் எத்தனை பைட் சேர்ந்திருக்கிறது என்று கேட்கும் 'சைஸ்' கட்டளையை நான் தொட மாட்டேன். பாதியில் நின்றுபோன ஒரு பேக்கிங் லிஸ்ட்டால் சரக்கு துறைமுகத்தில் காத்திருக்க நேரும் என்றால், கோப்புக்கு 200 மில்லிசெகண்ட் எனக்குப் பெரிதல்ல.

லைப்ரரியின் எங்கள் பிரதியில் இந்த மாற்றங்களைச் செய்துவிட்டேன். இப்போது கோப்புக்கு 'பாஸ்வ்', 'ஸ்டோர்' (கோப்பை அனுப்பும் கட்டளை), 'சைஸ்' ஆகிய மூன்று மட்டுமே போகின்றன. டெஸ்பாட்ச் நண்பரும் முன்னதாகவே கிளம்பிவிடுகிறார். மீதமிருப்பது ஒரே ஒரு சிக்கல்: பயன்படுத்துபவர் லைப்ரரியின் ஃபங்ஷன்களைத் தாண்டி நேரடியாக ஒரு கட்டளையை அனுப்பினால், அது எதை மாற்றியது என்று லைப்ரரிக்குத் தெரியாது. அப்படி ஒன்று போனவுடன் நினைவு முழுவதையும் அழித்துவிடுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. கட்டளையைப் பிரித்துப் பார்த்துத் தேவையானதை மட்டும் அழிக்கலாம் என்று நினைப்பவர்கள், அதை எப்படிச் செய்வீர்கள் என்று எழுதுங்கள். மூல லைப்ரரிக்கு என் திருத்தத்தை அனுப்பும் முன் படித்துப் பார்க்க விரும்புகிறேன்.