டெல்லிக்காரனுக்கு நாம எல்லாரும் மதராஸி, நமக்கு மலைல இருக்கறவங்க எல்லாரும் ஊட்டிக்காரங்க

போன வாரம் பூரா என் ஃபீட்ல ஒரே மதராஸி சண்டை. வடக்க யாரோ ஒரு ஆளு ரீல்ஸ்ல சவுத்ல எல்லாரும் ஒண்ணுதானேன்ற மாதிரி பேசி வெக்க, நம்மாளுங்க வேட்டிய மடிச்சு கட்டிட்டு கமெண்ட்ல எறங்கிட்டாங்க. தமிழ் வேற, மலையாளம் வேற, கன்னடம் வேற, தெலுங்கு வேற, சாம்பாரே நாலு ஊர்ல நாலு விதம், இது கூட தெரியாம எப்படிடா ஒரே நாட்டுல இருக்கீங்கன்னு. கரெக்ட்தான். எனக்கும் எரிச்சலாத்தான் இருந்துச்சு.

ஆனா அதே ஆளுங்கதான் ஏப்ரல் மே வந்தா இ-பாஸ் எடுத்துட்டு மேல ஏறி வந்து, எங்க எல்லாரையும் சேர்த்து ஒரே மூட்டையா கட்டி ஊட்டிக்காரங்கன்னு பேர் எழுதிட்டு போறாங்க. நான் ஊட்டி இல்லீங்க. கோத்தகிரி. ஊட்டிக்கும் எங்களுக்கும் 30 கிலோமீட்டர். சொன்னா, "ஓ, ஊட்டிதானே அது"ன்னு பதில் வரும். சரி அத விடுங்க, ஊர் பேர்ல என்ன இருக்கு. நான் சொல்ல வர்றது வேற.

டெல்லி நமக்கு பண்றத நாம அப்படியே நமக்கு கீழ இருக்கறவங்களுக்கு பண்றோம். (மலை மேல இருக்கறவங்களுக்குன்னு சொல்லணுமோ.) கொஞ்சம் கூட மாத்தாம, அதே அலட்சியம், அதே "எல்லாம் ஒண்ணுதானே".

நீலகிரி எவ்ளோ பெருசு? சுமார் 2,500 சதுர கிலோமீட்டர், 2011 சென்சஸ் படி 7,35,394 பேரு. கோயம்புத்தூர் டவுன்ல பாதி ஜனம் கூட இல்ல. இதுக்குள்ள தோடர், கோத்தர், குரும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்னு தமிழ்நாட்டுல மிகவும் நலிந்த பழங்குடின்னு அரசாங்கம் வகைப்படுத்தி வெச்சிருக்கற ஆறு சமூகமும் இருக்காங்க, ஆறுமே இந்த ஒரு மாவட்டத்துல. அப்புறம் படுகர், அவங்களுக்குள்ளயே தொதநாடு, பொரங்காடு, மேக்குநாடு, குந்தேன்னு நாலு சீமை. கூடலூர் பக்கம் போனா மலையாளம் பேசற குடும்பங்க, மவுண்டாடன் செட்டிங்க, மாப்ள முஸ்லிம்ங்க. வெலிங்டன்ல பட்டாளத்துக்காரங்க. எஸ்டேட்ல சிலோன்ல இருந்து வந்த எங்கள மாதிரி ஆளுங்க. இப்ப புதுசா ஜார்க்கண்ட்ல இருந்தும் அஸ்ஸாம்ல இருந்தும் எலை பறிக்க வர்றவங்க.

நான் பஸ் ஸ்டாண்டுக்கு கிட்ட ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், கூடவே ஆன்லைன்ல சர்டிபிகேட்டுக்கு அப்ளை பண்ணி குடுப்பேன். அதனால இந்த மாவட்டத்துல யாருக்கு என்ன பேப்பர் கெடைக்காதுன்றது எனக்கு ரொம்ப நல்லா தெரியும். வித்தியாசம்னா என்னன்னு மேடைல பாத்து தெரிஞ்சுக்கறவங்க இருக்காங்க, நான் ஃபார்ம்ல பாத்து தெரிஞ்சுக்கிட்டேன்.

மேடைன்னு சொன்னேன்ல. கோடை விழாவ பாருங்க. பெரிய ஆளு யாராவது வந்தா படுகர் டான்ஸ் கண்டிப்பா உண்டு, வெள்ளை டிரஸ்ல வட்டமா ஆடுவாங்க, விஐபியும் நாலு ஸ்டெப் போடுவாரு, போட்டோ. பொன்னாடைக்கு பதிலா தோடர் எம்பிராய்டரி போட்ட சால்வை, சிவப்பும் கருப்பும் போட்டு எவ்ளோ அழகா இருக்கும், அதுக்கு 2013ல புவிசார் குறியீடும் குடுத்தாச்சு. எல்லாரும் கை தட்டுவாங்க. அந்த அஞ்சு நிமிஷத்துக்கு வித்தியாசம் ரொம்ப பிடிக்கும் நமக்கு. அடுத்த நாள் அந்த சால்வைய தெச்ச வீட்டு பொண்ணு ஒரு ஆபீஸ் கவுண்டர்ல நின்னா, "என்னம்மா பேரு இது, வாயில நுழையல, ஈஸியா ஏதாவது எழுதிக்கட்டுமா"ன்னு கேக்கறாங்க. எழுதியும் வெச்சிடறாங்க. அப்புறம் ஆதார்ல ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு, டிசில ஒரு பேரு, அத சரி பண்ண அலையறது அந்த பொண்ணுதான். எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன், ஒரு ஆபீஸ் மட்டும் இல்லன்றதால.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் இந்த மாவட்டத்துல இருக்கற வித்தியாசத்த அரசாங்கம் மதிக்கும். மழை. ஜூன் ஜூலைல பாருங்க, "கூடலூர், பந்தலூர் தாலுகா பள்ளிகளுக்கு இன்று விடுமுறை"ன்னு டிவில ஓடும், இங்க கோத்தகிரில பசங்க வெயில்ல ஸ்கூலுக்கு போய்ட்டிருக்கும். ஏன்னா மேற்கு பக்கம் தென்மேற்கு மழை, எங்க கிழக்கு சரிவுக்கு ஐப்பசி கார்த்திகைல வர்ற வடகிழக்கு மழைதான் முக்கியம். 2019 ஆகஸ்ட்ல மேற்கு பக்கம் இருக்கற அவலாஞ்சில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டுச்சு. 2009 நவம்பர்ல கேத்தி, குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரிஞ்சு 40 பேருக்கு மேல செத்துப் போனாங்க, அது வடகிழக்கு மழை. மாவட்டம் ஒண்ணு, மழை ரெண்டு. இத புரிஞ்சுக்கிட்டு தாலுகா வாரியா லீவு விட தெரியுது. மனுஷங்கன்னு வரும்போது மட்டும் ஒரே சட்டை எல்லாருக்கும் தெச்சு, பத்தலன்னா உன் உடம்புதான் தப்புன்றாங்க.

கூடலூர எடுத்துக்கோங்க. அது 1877 வரைக்கும் மலபார் மாவட்டத்துல இருந்த வயநாட்டோட துண்டு, அப்புறம்தான் நீலகிரியோட சேர்த்தாங்க. நிலமெல்லாம் நிலம்பூர் கோவிலகத்தோட ஜன்ம நிலம், அதாவது அந்த அரச குடும்பத்துக்கு பரம்பரை உரிமையா இருந்த நிலம். அந்த உரிமைய ஒழிக்கறதுக்குன்னு 1969ல கூடலூருக்கு மட்டும் தனியா ஒரு சட்டம் போட்டாங்க. அந்த சட்டத்துல பிரிவு 17னு ஒண்ணு இருக்கு, தோட்டம் போட குத்தகைக்கு விட்ட நிலத்த பத்தினது, அந்த வகை நிலத்துல வீடு கட்டி தலைமுறை கணக்கா இருக்கறவங்களுக்கு இன்னும் பட்டா இல்ல, நெறைய வீட்டுக்கு கரண்ட் கனெக்ஷனும் இல்ல. சமவெளில இருக்கற நண்பர்கள்ட்ட இத சொன்னா, "ஆக்கிரமிப்பு பண்ணிருப்பாங்க"ன்னு ஒரே வரில முடிச்சுடறாங்க. கேரளாக்காரன், போகச் சொல்லுன்னும் சொல்றாங்க. எங்க போறது? அவங்க எடத்த விட்டு நகரவே இல்ல, கோடுதான் அவங்க மேல நகந்து போச்சு.

எங்க கதை அதுக்கு நேர் எதிர். எங்கள தூக்கி வெச்சாங்க. 1964ல இலங்கை பிரதமர் சிறிமாவோ, இந்திய பிரதமர் சாஸ்திரி ரெண்டு பேரும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு சிலோன்ல இருந்த இந்திய வம்சாவளி ஆளுங்கள பங்கு பிரிச்சாங்க, மிச்சம் இருந்தவங்கள பத்தி அப்புறம் பேசிக்கலாம்னு. ஆளக் கேட்டு இல்ல, கணக்கு பாத்து. எங்க அப்பாயி தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்ப்ல இருந்து, அப்புறம் இந்த மலைக்கு வந்தவங்க. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968ல அரசு தேயிலை தோட்டம், அதான் டான்டீ, ஆரம்பிச்சாங்க. அப்பாயியோட முன்னோர் திருச்சி பக்கம், பேசறது தமிழு, கும்பிடறது மாரியம்மன். அப்ப இங்க இருக்கற தமிழங்களோட ஒண்ணா கலந்திருக்கணும்ல? இல்ல. காலைல தேங்கா ரொட்டியும் சம்பலும் சாப்பிடறோம், கருப்பட்டிய கடிச்சுக்கிட்டு பிளேன் டீ குடிக்கறோம்னு சிலோன்காரங்க. ஸ்கூல்ல என்னை அகதின்னு கூப்பிட்டாங்க. தாயகம் திரும்பியவங்க வேற, அகதி வேற, முன்னவங்களுக்கு இந்திய குடியுரிமை குடுத்துத்தான் கூட்டிட்டு வந்தாங்க. இத இன்னைக்கும் ஃபார்ம் வாங்கற ஆளுங்களுக்கே விளக்க வேண்டியிருக்கு. கண்டில வெச்சு குடுத்த குடும்ப அட்டைய லேமினேட் பண்ணி வெச்சிருக்காங்க பாருங்க எங்க காலனில, சாமி படத்துக்கு பக்கத்துல, ஏன்னா பேரப்பிள்ளைக்கு ஜாதி சான்றிதழ் வாங்க அது ஒண்ணுதான் ஆதாரம்.

ஒரே மொழி, ஒரே சாமி, ஆனாலும் வேற ஆளு. இந்த பக்கம் படுகர் வீட்டுல வேற மொழி, வேற சாமி, ஹெத்தையம்மன் பண்டிகைக்கு மாவட்டத்துக்கே லோக்கல் லீவு விடற அளவுக்கு பெருசு, சின்னவங்க குனிய பெரியவங்க தலைல கை வெச்சு ஆசீர்வாதம் பண்றத பாத்தா அவ்ளோ நல்லா இருக்கும், ஆனா அவங்க இந்த ஊர்க்காரங்க. அதனால மொழியும் சாப்பாடும் வேறயா இருந்தா வித்தியாசம், ஒண்ணா இருந்தா ஒற்றுமைன்னு பேசறதெல்லாம் சும்மா. யாருக்கு நிலம் இருக்கு, யாரு முன்னாடி வந்தா, யாருக்கு பேப்பர் இருக்கு, அதுதான் நிக்குது.

அதுக்காக பழைய மலை வாழ்க்கை ஏதோ சொர்க்கம்னு நான் சொல்லல, அந்த ரொமான்ஸும் எனக்கு ஆகாது. தோடர் பால் நெய் குடுப்பாங்க, கோத்தர் சட்டி பானை, இரும்பு சாமான் குடுப்பாங்க, படுகர் தானியம் குடுப்பாங்க, எல்லாரும் அண்ணன் தம்பியா இருந்தாங்கன்னு டூரிஸ்ட் புக்ல எழுதுவாங்க. அந்த ஏற்பாட்டுக்குள்ளயே மேல கீழ இருந்துச்சு. அடுத்தவங்க சாவு வீட்டுல வாசிக்கற வேலைய கோத்தர்ங்க வேணாம்னு விட்டது சும்மா இல்ல. குரும்பர்னா சூனியம் வெப்பாங்கன்னு பயந்து அவங்கள அடிச்சு கொன்ன கதையெல்லாம் இந்த மலைல இருக்கு.

இப்ப எங்க ஆளுங்களயே திட்டறேன். ஜார்க்கண்ட்ல இருந்து வந்து எலை பறிக்கறவங்கள நாங்க என்னன்னு கூப்பிடறோம்? இந்திக்காரங்க. வடக்கன்னு சொல்றவனும் இருக்கான். அவங்கள்ல நெறைய பேருக்கு வீட்டு மொழி இந்தியே இல்ல. சாத்ரி பேசறவங்க இருக்காங்க, முண்டாரி பேசறவங்க இருக்காங்க, ஒராவோன் ஆளுங்கன்னா குருக் பேசுவாங்க. குருக் எந்த குடும்பத்து மொழி தெரியுமா? திராவிட மொழி. தமிழுக்கு தூரத்து சொந்தம். நம்ம சொந்தக்காரன எதிர்ல நிக்க வெச்சுட்டு, "டேய் இந்தி"ன்னு கூப்பிட்டுட்டு, சாயங்காலம் வீட்டுக்கு போய் போன்ல திராவிடம்னு ஸ்டேட்டஸ் போடறோம். எங்க அப்பாயிய சிலோன்காரின்னு கூப்பிட்டதுல எங்களுக்கு எவ்ளோ வலிச்சுதுன்னு தெரிஞ்ச காலனிலயே இது நடக்குது, அதுதான் எனக்கு தாங்கல.

உடனே ஒரு கேள்வி வரும், போன தடவை எழுதினப்பவும் இன்பாக்ஸ்ல வந்துச்சு. இப்படி ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பிரிச்சா தமிழ் பலவீனம் ஆகிடாதா, டெல்லிக்காரனுக்கு வசதியா போயிடாதான்னு. ஆகாதுங்க. இந்த மலைலயே பொறந்து வளந்தவங்கள்ல தமிழ் தெரியாத ஆளு அனேகமா கெடையாது. தோடர் அம்மா தமிழ்ல பேரம் பேசுவாங்க, படுகர் பசங்க தமிழ்ல பரிட்சை எழுதறாங்க, பணியர் பிள்ளைங்க வீட்டுல ஒண்ணு, ரோட்டுல மலையாளம், கிளாஸ்ல தமிழ்னு மூணு மொழி தூக்கிட்டு அலையுது. அவங்க எல்லாரும் நம்ம மொழிய கத்துக்கிட்டாங்க, நாம யாராவது பதிலுக்கு ஒரு வார்த்தை கத்துக்கிட்டோமா? இந்திக்காரன் இங்க வந்து பத்து வருஷம் இருந்தும் தமிழ் கத்துக்கலன்னு கோபப்படற நாம, படுகர் ஊருக்கு பக்கத்துல மூணு தலைமுறையா இருந்தும் ஒரு வாக்கியம் பேச மாட்டோம். கேட்டா அது தேவையில்லம்போம். அவனும் அததானே சொல்றான்?

இன்னொண்ணு பாருங்க. சென்சஸ்ல மொழி கணக்கு எப்படி போடறாங்கன்னா, படுக மொழிய தாய்மொழின்னு சொன்னவங்க ஒரு லட்சத்துக்கும் மேல, ஆனா அத கன்னடத்துக்கு கீழ ஒரு வரியா வெச்சிருக்காங்க. இருளர் மொழி தமிழுக்கு கீழ. பணியர் மொழி மலையாளத்துக்கு கீழ. தோடாவும் கோத்தாவும்? 10,000 பேருக்கு கம்மியா பேசற மொழிய தனியா காட்ட மாட்டாங்க, மற்றவைன்னு போயிடும். அந்த ரெண்டு மொழியையும் படிக்கறதுக்காக 1930கள்லயே எமனோன்னு ஒரு அறிஞர் கடல் தாண்டி வந்து இந்த மலைல உக்காந்திருக்காரு, நம்ம பட்டியல்ல அது மற்றவை. பக்கத்து பக்கத்து ஊர்ல இருக்கறவங்கள மூணு மாநிலத்து பேருக்கு கீழ பிரிச்சு போட்டாச்சு, மீதிய மூலைல தள்ளியாச்சு. மதராஸின்றதும் இந்த மாதிரி ஒரு மற்றவைதானே.

2027ல அடுத்த சென்சஸ். இந்த மலைல இருக்கற நண்பர்களுக்கு மட்டும் ஒரு ரிக்வெஸ்ட். தாய்மொழின்னு கேக்கற எடத்துல, நாம என்ன சொல்றோமோ அததான் எழுதணும், அதுதான் விதி. வர்றது அனேகமா நமக்கு தெரிஞ்ச டீச்சரா இருப்பாங்க, கையில நூறு வீட்டு வேலை இருக்கும், "தமிழ்னே போட்டுக்கவா, ஈஸியா இருக்கும்"னு பாசமா கேப்பாங்க. வேணாம் டீச்சர்னு சொல்லுங்க. வீட்டுல பாட்டிகிட்ட எந்த மொழில பேசறீங்களோ அத சொல்லுங்க, அவங்க எழுதறத எட்டிப் பாருங்க. எஸ்டேட்ல இருக்கற ஜார்க்கண்ட் ஆளுங்களுக்கும் இத யாராவது சொல்லி விடுங்க, அவங்களுக்கு இந்தின்னு போட்டுட்டு போறதுதான் ரொம்ப சுலபமா நடக்கும்.

இந்த தடவ ஆன்லைன்ல நாமளே நிரப்பிக்கற வசதியும் உண்டுன்னு சொல்லிருக்காங்க. போன்ல வரலன்னா கடைக்கு வாங்க, இதுக்கு நான் காசு வாங்க மாட்டேன். மதியம் ஒண்ணரைல இருந்து ரெண்டரை வரைக்கும் மட்டும் வராதீங்க, சாப்பாட்டு நேரம்.