ஓர் ஒற்றினால் வந்த வினை

(டோக்கியோவில் இந்தியக் குடும்பங்கள் மிகுதியாக வாழும் நிஷி-கசாய். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான மாமனார், முடி வெட்டிக்கொள்ளப் போய், போன தலையோடு அப்படியே வீடு திரும்புகிறார். மருமகள் ஜப்பானிய மொழியை முறையாகக் கற்றவர்.)

மருமகள்: என்ன மாமா, கடை மூடியிருந்ததா?

மாமனார்: கடை திறந்துதான் இருந்தது அம்மா; நான் வாயைத் திறந்த பிறகுதான் காரியம் கெட்டது. "கமி ஓ கிதே குதசாய்" என்று, தகரத்தை வல்லோசையாகவே ஒலித்து, மிகுந்த பணிவோடு கேட்டேன். அந்தப் பெரியவர் கண்ணாடியில் தம் வழுக்கைத் தலையைப் பார்த்தார், ஒரு முறை தடவினார், பிறகு என்னை நோக்கி இடுப்பு வரை குனிந்து, "அது சற்றுக் கடினம்தான்" என்றார்.

மருமகள்: கடினமாகத்தானே இருக்கும்! முடியை வெட்டும்படி கேட்பதாக எண்ணிக்கொண்டு, ஒரு வழுக்கைத் தலையரிடம் "முடியை உடுத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

மாமனார்: அகராதியைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். உண்பது "தபெரு"; அது "தபெதே" ஆகிறது. வெட்டுவது "கிரு", அது "கிதே" ஆவதுதானே முறை?

மருமகள்: வெட்டுவதும் கிரு, உடுத்துவதும் கிரு. ஆனால் வெட்டச் சொல்வதற்குக் "கித்தே", உடுத்தச் சொல்வதற்குக் "கிதே". நடுவில் ஒரு தகர ஒற்றை விட்டுவிட்டீர்கள்.

மாமனார்: ஒற்றுப் பிழையா? பணிக்காலம் முழுவதும் பிறருடைய ஒற்றுப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்து வந்த எனக்கா?

மருமகள்: அதிலும் சட்டையை உடுத்துவதுபோல உடுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். தொப்பி, பொய்முடி போன்றவற்றைத் தலையில் அணிவதற்குக் "கபுரு" என்று வேறு வினை இருக்கிறது.

மாமனார்: பிழைக்குள் பிழையா! ஒரே வினை இரண்டு விதமாகத் திரியுமானால், அந்த மொழியில் விதி என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?

மருமகள்: இருக்கிறது, உங்களுக்கு நன்கு தெரிந்த விதிதான். வெட்டும் கிருவுக்குப் பகுதி "கிர்", அது மெய்யீறு. உடுத்தும் கிருவுக்குப் பகுதி "கி"; அது உயிரீறு. அந்த ரகர மெய்யின்மேல் உகரம் ஏறினாலும் கிரு, இந்தக் "கி"யோடு ரு என்னும் விகுதி சேர்ந்தாலும் கிரு. ரகர மெய்யைத் தனியே எழுத ஜப்பானிய அசையெழுத்தில் இடமில்லாததால், அதில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகவே நிற்கும். எதிர்மறையில்தான் குட்டு வெளிப்படும்: வெட்டாமை "கிரனை", உடுத்தாமை "கினை".

மாமனார்: (நாற்காலியை விட்டு எழுந்து) உயிரீறு, மெய்யீறு என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இந்நேரம் முடி இறங்கியிருக்குமே! உன் பாடநூல் ஒன்றாம் குழு, இரண்டாம் குழு என்று ஏதோ எண்ணிக்கொண்டிருக்கிறது. சரி, கித்தே என்பதில் ரகரம் எங்கே போயிற்று?

மருமகள்: முன்னாளில் அது "கிரிதே". நடுவிலிருந்த இகரம் கெட்டு, ரகரம் தகரமாகத் திரிந்தது. வாசித்தலுக்குரிய "யொமு"வும் அப்படித்தான்; "யொமிதே" என்றிருந்தது "யொந்தே" ஆயிற்று.

மாமனார்: கெடுதல், திரிதல், இன எழுத்து! இந்த வினைகளை வகுத்தவர் யாரோ, அவருக்கு ஒரு வணக்கம்.

மருமகள்: பலர் வகுத்தார்கள் மாமா. அவர்களில் முதன்மையானவர் மோதோஓரி ஹருநிவா. 1808இல் அவருடைய நூல் வெளிவந்தபோது அவர் பார்வையை முற்றிலும் இழந்திருந்தார்.

மாமனார்: பார்வையில்லாதவர் கண்டதை, மூக்குக் கண்ணாடி போட்ட நான் காணவில்லை. இருந்தாலும் "வருதல்" எனக்குச் செரிக்கவில்லை. குரு, கிமசு, கொனை என்று முதலெழுத்தே நிலைகொள்ளாமல் ஆடுகிறதே. இதுவும் ஒரு வினையா?

மருமகள்: வா, வருகிறான், வந்தான், வாரான். இது எப்படி மாமா?

மாமனார்: அது... மரபு.

மருமகள்: "படி" என்ற பகுதியிலிருந்து தூசி "படிந்தது", பையன் "படித்தான்" என்று வருவது?

மாமனார்: அதுவும் மரபு. ஆசிரியரை மடக்காதே, இப்போது என்னைச் சோதித்துப் பார்.

மருமகள்: ஓடுதல், "ஹஷிரு". எதிர்மறை "ஹஷிரனை".

மாமனார்: ரகரம் நிற்கிறது, எனவே மெய்யீறு, எனவே "ஹஷித்தே"!

மருமகள்: சரி. அரட்டையடித்தல், "ஷபெரு".

மாமனார்: தபெருவின் உடன்பிறப்புப்போல ஒலிக்கிறது. "ஷபெதே".

மருமகள்: தவறு. எதிர்மறையைக் கேட்காமலேயே முடிவுகட்டிவிட்டீர்கள். அது "ஷபெரனை", எனவே "ஷபெத்தே".

மாமனார்: அநியாயம்! உண்பது ஒரு வகுப்பு, அரட்டையடிப்பது வேறொரு வகுப்பா?

மருமகள்: சாப்பிடும்போது பேசக் கூடாது என்று பேரனை நாள்தோறும் அதட்டுகிறீர்களே, இனிமேல் இலக்கணத்தையே சான்றாகக் காட்டுங்கள்.