ஆஸ்வாபில் மதிப்பெண் குறைந்தால் கணக்குப் புத்தகம் மட்டும் போதாது

அமெரிக்க ராணுவத்தில் சேர எழுதும் ஆஸ்வாப் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டால், நம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் கையில் எடுப்பது கணக்குப் புத்தகத்தை. எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

உள்ளே விடலாமா என்று பார்ப்பது ஏஎஃப்க்யூடி என்ற ஒரே எண்ணைத்தான். சொல்லறிவு, பத்தி வாசிப்பு, இரண்டு கணக்குப் பகுதிகள், இந்த நான்கிலிருந்துதான் அது வருகிறது. மொழிப் பகுதிகள் இரண்டையும் சேர்த்த மதிப்பெண்ணை இரட்டிப்பாக்கிக் கூட்டுகிறார்கள். ஆக, பாதி எடை ஆங்கில வாசிப்புக்கு! மின்னணுவியல், வாகனப் பகுதிகளெல்லாம் என்ன வேலை கிடைக்கும் என்பதற்குத்தான் உதவும்.

கணக்கிலும் பாதி சிக்கல் வாசிப்புதான். அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கவனித்தேன். 20 சதவீதத் தள்ளுபடி போக ஒரு சட்டை 24 டாலர், அசல் விலை என்ன? சட்டென்று 28.80 என்றான். "மாமா, பெருக்கல் சரிதானே?" பெருக்கல் சரிதான். தள்ளுபடி அசல் விலையில் கழித்தது என்பதைப் படிக்காமல் தாண்டிவிட்டான். விடை 30.

அப்புறம் இந்த அவசரம். முதல் மறுதேர்வுக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், இரண்டாவதற்கு இன்னொரு மாதம். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஆறு மாதம். ஆள்சேர்ப்பு அதிகாரி "மாதம் முடிந்ததும் எழுதிவிடலாம்" என்பார். அவருக்கு அவர் இலக்கு. ஆனால் பொதுவாகக் கடைசியாக எழுதியதுதான் செல்லும். குறைந்தால் குறைந்ததுதான். கணினித் தேர்வில் ஒரு விடையை உறுதிசெய்துவிட்டால் திரும்பிப் போய்த் திருத்தவும் முடியாது.

ஏஎஃப்க்யூடி 31 என்றால் நூற்றுக்கு 31 என்று பயப்படுகிறார்கள். அது சதமானம், ஒப்பீட்டுக்கு வைத்த இளைஞர் குழுவில் எத்தனை சதவீதத்தினருக்கு ஈடாகவோ மேலாகவோ எழுதினீர்கள் என்ற கணக்கு. தரைப்படைக்கு வழக்கமான குறைந்தபட்ச அளவு அதுதான். 21 முதல் 30 வரை எடுத்தவர்களைப் படிக்கவைத்து மறுபடி எழுதவைக்க 2022-ல் ஃபோர்ட் ஜாக்சன் ராணுவத் தளத்தில் ஒரு முன்பயிற்சியே தொடங்கினார்கள். வாசிப்பையும் கணக்கையும் ஒன்றாகத்தான் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள்.

அக்கா மகன் இன்னும் தேதி கேட்கவில்லை. தினமும் ஒரு கட்டுரை படித்து, பத்திக்கு ஒரு வரியாகச் சாரத்தை அனுப்புகிறான். பாதி வரிகளுக்கு அவனோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.