ஞானஸ்நானம் கொடுத்தாச்சு, அப்புறம்?

நம்ம குமரி மாவட்டத்துச் சபைகளில் ஒருவர் ஞானஸ்நானம் எடுத்தால் அன்றைக்குச் சாட்சி உண்டு, புது வேதாகமம் உண்டு, குரூப்பில் போட்டோவும் உண்டு. மறுநாள் முதல் அவர் வீட்டு வாசலை யாரும் மிதிப்பதில்லை. ஆறு மாதம் கழித்து ஆளைக் காணவில்லை என்றால், "அவருக்கு விசுவாசம் ஆழமில்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மனசு வலிக்கிறது. முதல் ஒரு வருடம் அவரைத் தாங்க வேண்டியது சபைதான்.

வாசிப்பிலிருந்து பேசுவோம். "தினமும் வேதம் வாசிங்க" என்று மட்டும் சொன்னால் அவர் ஆதியாகமத்தில்தான் தொடங்குவார். 50 அதிகாரமும் வேகமாகப் போய்விடும். யாத்திராகமம் 25க்கு வந்ததும் ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கும் பலகையும் கொக்கியும் வரும். லேவியராகமம் பாதியில் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். இதில் அவர் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை, வழி காட்டாதது நம் தப்பு. மாற்கில் தொடங்கச் சொல்லுங்கள்: 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. பிறகு லூக்கா 24, அப்போஸ்தலர் 28, பிலிப்பியர் 4, யாக்கோபு 5. மொத்தம் 77 நாள். ராத்திரி ஒரு சங்கீதம். முழு வேதாகமத்தை இரண்டாம் வருடத்துக்கு வைக்கலாம்; 1189 அதிகாரம், தினம் மூன்று, ஞாயிறு மட்டும் ஐந்து என்றால் 52 வாரத்தில் முடியும். சபையில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலின் தமிழ் பிடிபடவில்லை என்றால் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும், அதில் ஒரு குறையும் இல்லை.

"காலை 5 மணிக்கு எழுந்து ஜெபி" என்று எல்லாருக்கும் ஒரே சட்டம் போடுவதையும் விட வேண்டும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர் அந்நேரம் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்பார். வெட்டி முடித்து, பால் சிரட்டையில் வடிந்து தீர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். பால் எடுக்க இறங்குவதற்கு முந்தைய அந்த இடைவெளிதான் அவருக்கு ஜெபவேளை. வாசிக்கப் பத்து நிமிடம், ஜெபிக்க ஐந்து நிமிடம். முதல் மூன்று மாதத்துக்கு அது தாராளம். தூத்தூர் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு வாரக்கணக்கில் சிக்னல் கிடைக்காது. கரையில் இருக்கும்போதே ஆடியோ வேதாகமத்தைப் போனில் இறக்கிக் கொடுத்து அனுப்புங்கள்.

அதிகம் பேர் விழுவது சுகத்தின் விஷயத்தில். வியாதி மாறியதால் வந்தவருக்கு வியாதி திரும்பி வந்தால் என்ன ஆகும்? கூட்டத்தில் கேட்ட பிரசங்கத்தில் இதற்குப் பதில் இருந்திருக்காது. முதல் மாதத்திலேயே அவரோடு உட்கார்ந்து 2 தீமோத்தேயு 4:20ஐ வாசியுங்கள்: பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவிட்டு வருகிறார். அப்படியே 2 கொரிந்தியர் 12இல், மூன்று முறை வேண்டியும் நீங்காத பவுலின் மாம்சத்து முள்ளையும் காட்டுங்கள். சுகர் மாத்திரையை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளம் என்று யாராவது சொன்னால் சபையே எழுந்து மறுக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது.

ஜனவரி 1ஆம் தேதி, அந்த வருடத்துக்கான வசனம் என்று எடுக்கிற வாக்குத்தத்த அட்டையும் இதே சிக்கலைக் கொண்டுவரும். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் 70 வருஷம் என்கிறது. ஐந்தாம் வசனம், அங்கேயே வீடு கட்டி, தோட்டம் போட்டுக் குடியிருங்கள் என்கிறது. மூன்றையும் சேர்த்து வாசித்தவர் மார்ச் மாதக் கஷ்டத்தில் உடைந்துபோக மாட்டார்.

அடுத்தது குடும்பம். பெற்றோர் பழைய நம்பிக்கையிலேயே இருப்பார்கள், கோயில் கொடைக்குக் கூப்பிடுவார்கள். இங்கே சண்டை போடக் கற்றுக்கொடுக்கிறவர் பெரிய தீங்கு செய்கிறார். படைத்த உணவைப் பற்றிப் பேசுகிற 1 கொரிந்தியர் 8, 10 இரண்டையும் நிதானமாகப் படித்துக் கொடுங்கள். "அம்மா, படைக்கிறதுக்கு முன்னால கொஞ்சம் எடுத்து வை, நான் வந்து சாப்பிடுறேன்" என்று ஒரு மகன் சொன்னால் தாய்க்கும் மனத்தாங்கல் இல்லை, அவன் மனச்சாட்சிக்கும் பழுதில்லை. அப்பாவின் அடக்கத்தில் தான் எதைச் செய்வேன், எதைச் செய்யமாட்டேன் என்பதை அப்பா நல்ல சுகமாக இருக்கும்போதே மகன் சித்தப்பா, மாமாமாரிடம் சொல்லிவிட வேண்டும். பிரேதத்தை முற்றத்தில் வைத்துக்கொண்டு கொள்ளியைப் பற்றித் தர்க்கம் பண்ணினால் அந்தக் காயம் தலைமுறைக்கும் ஆறாது. செலவைப் பங்கிடலாம், தோள் கொடுக்கலாம், 16ஆம் நாள் அடியந்திரத்துக்கு (கருமாதிக்கு) பந்தலில் நின்று சாப்பாடு விளம்பலாம்.

இன்னொன்றை மேடையில் யாரும் பேசுவதில்லை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கும், பின்னால் சேர்க்கப்பட்ட சீக்கியர், பௌத்தர்களுக்கும் மட்டும்தான். கிறிஸ்தவரானவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வருகிறார். பிள்ளையின் படிப்பும் வேலையும் இதில் மாட்டியிருப்பதால் பலர் பதிவேட்டில் பெயர் வராமல் ஒளிந்து ஆராதிக்கிறார்கள். அவர்களைக் கோழை என்று சொல்லாதீர்கள். ஞானஸ்நானத்துக்கு முன்பே இந்த விவரத்தைச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளைகளின் பீஸுக்குச் சபை நிதியில் வழி பாருங்கள். அதே சபைக்குள் கல்யாணப் பேச்சில் சாதி கேட்கிறவர்கள் முதலில் தங்களைத் திருத்திக்கொள்ளட்டும்.

புதிதாக வந்தவரை வீடும் உறவும் தாங்கிய கதை நம் மாவட்டத்திலேயே உண்டு. விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றது 1745, காற்றாடிமலையில் சுடப்பட்டது 1752. அவர் மனைவி ஞானப்பூவும் அதே விசுவாசத்துக்கு வந்தவர். மயிலாடியில் 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே வருவதற்கு முன்பே, தஞ்சாவூரில் வேதத்தைக் கேட்டுத் திரும்பிய மகாராசன் வேதமாணிக்கம் தன் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். போதகர் இல்லாத காலத்திலும் வீட்டுக்கூட்டம் தாங்கியது. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்கிற அக்கம்பக்கத்து வீட்டுக்குழு செய்வதும் இதுதான்; நம் சபைகளும் அதைக் கவனித்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

சபையை நடத்துகிற சேகரக் கமிட்டிக்காரர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த கூட்டத்துக்கு ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துவாருங்கள். கடைசி ஐந்து வருடத்தில் வெளியிலிருந்து வந்தவர்களின் பெயரைக் குறித்து, திருவிருந்துக்கு வராதவர்களைப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்து வீடு ஒன்றைப் பொறுப்பாக்கி, அந்த வாரமே போகச் சொல்லுங்கள். முதல் தடவை போகும்போது ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம்.