ஒரு போன் போட்டால் என்ன குறைந்துவிடும்?

போன சனிக்கிழமை 400 கி.மீ. சைக்கிள் ரைடில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். குரூப்பில் நாலு நாளாக ஓடுகிற பேச்சைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஒருவர் யாரிடமும் சொல்லாமல் பாதியில் விட்டுப் போய்விட்டார். பெயர் சொல்லப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ரைடைப் பாதியில் விடுகிறீர்களா, தாராளமாக விடுங்கள். ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு விடுங்கள்.

இதைச் சொன்னதற்கு, "ஏன்க்கா இதைப் போய்ப் பெரிசு பண்றீங்க, அவர்தான் பத்திரமா வீட்டுக்கு வந்துட்டாரே" என்கிறார்கள். அவர் பத்திரமாக இருக்கிறார் என்று எங்களுக்கு எப்போது தெரிந்தது என்று யாராவது கேட்டீர்களா?

இரவு பதினொன்றரைக்குக் கிருஷ்ணகிரி கன்ட்ரோலில், அதாவது வழியில் நேரம் குறித்து அனுப்புகிற இடத்தில், ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு கிளம்பியவர் அவர். அடுத்தது தருமபுரி, 335-ஆவது கிலோமீட்டர். காலை 6 மணிக்குக் கிளம்பிய ரைடு, குறைந்தபட்ச வேகம் மணிக்கு 15 கி.மீ. என்ற கணக்கில் பார்த்தால் அந்த கன்ட்ரோல் மூடுவது விடிகாலை 4.20-க்கு. அங்கே வாலண்டியராக மேசை போட்டு உட்கார்ந்திருந்தது நான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், காலேஜ் படிக்கிற பையன் ஒருவன். அவருக்குப் பின்னால் கிளம்பியவர்கள்கூட வந்து டீ குடித்துவிட்டுத் தொப்பூர் பக்கம் போய்விட்டார்கள். வழியில் அவரைப் பார்த்தீர்களா என்றால் ஒருவரும் பார்க்கவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். 4.20-க்கு மேசையை மடக்கினோம். விதிப்படி எங்கள் வேலை அதோடு முடிந்தது, வீட்டுக்குப் போயிருக்கலாம். மனசு கேட்குமா? காரை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி வரை போய், அவர் வந்திருக்க வேண்டிய பக்கத்திலேயே ஓரமாக ஊர்ந்து, ஜன்னல் வழியாக டார்ச் அடித்துக்கொண்டே திரும்பி வந்தோம். காவேரிப்பட்டணம் தாண்டி ஒரு சிறுபாலத்துக்குக் கீழே ஏதோ மினுங்கியது. பையன் இறங்கி ஓடினான். சார் கார்க் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார், கால் எடுத்து வைக்க வரவில்லை அவருக்கு. ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்தான். ரோடு வேலைக்காரர்கள் யாரோ போட்டுவிட்டுப் போன பழசு, பாதி சேற்றில் புதைந்து, தொட்டால் கிழிகிற நிலையில். அந்தப் பையன் அதைக் கையில் தூக்கிக் காட்டியபோது எனக்கு வயிறு என்னவோ செய்தது.

காலை ஏழு மணிக்கு எப்படியோ அவர் வீட்டு எண் கிடைத்துக் கூப்பிட்டால் அவர் மனைவி எடுத்தார். "அவர் ரெண்டு மணிக்கே வந்துட்டாருங்களே, தூங்கறாரு. எழுப்பட்டுங்களா?" அந்தம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் "வேண்டாங்க" என்று வைத்துவிட்டேன்.

பேட்டரி தீர்ந்துவிட்டதாம், நண்பரின் காரில் சேலம் வீட்டுக்குப் போய்விட்டாராம். சரி. கிருஷ்ணகிரிக்கு நண்பரைக் காரோடு வரச் சொன்னது எந்த போனில்? அந்த நண்பரிடம் ஒரு போன் இருந்திருக்குமே. அதையும் விடுங்கள், சேலம் போகிற கார் தருமபுரி வழியாகத்தானே போக வேண்டும். எங்கள் மேசை சர்வீஸ் ரோட்டு டீக்கடை வெளிச்சத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரிதான் இருந்தது. கண்ணாடியை இறக்கி "நான் விட்டுட்டேங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நொடி ஆகும்?

அப்புறம் ஒருவர் எனக்கு விதி சொல்லித் தருகிறார். இது 'செல்ஃப் சப்போர்ட்' ரைடாம், யாரையும் யாரும் தேடச் சொல்லவில்லையாம். பஞ்சர் ஆனால் நீயே ஒட்டு, கன்ட்ரோலுக்கு நடுவில் பின்னாலேயே வண்டி வரக்கூடாது, சாப்பாடு தண்ணியை நீயே பார்த்துக்கொள். விதி சொல்வது அவ்வளவுதான். ஒரு மனுஷன் ராத்திரியில் காணாமல் போனால் கண்டுகொள்ளாதே என்று எந்த விதியிலும் இல்லை. அதுவும் எந்த ரோடு அது? தருமபுரியிலிருந்து சேலம் வருகிற பக்கம் தொப்பூர் இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க லாரியை நியூட்ரலில் விட்டு, பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிறவன் மேல் எல்லாம் ஏறுகிற இடம். இரட்டைப் பாலம் என்றால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. காவேரிப்பட்டணத்தில் கிடைக்காதவர் அங்கே கிடைப்பாரோ என்று நினைத்துக்கொண்டே வந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்.

முடிக்க முடியாத வருத்தத்தில் இருந்திருப்பார் என்பது மட்டும் எனக்குப் புரிகிறது. 27 மணி நேரத்தில் 400 கி.மீ. என்பது லேசுப்பட்டதில்லை. முன்னூறு தாண்டியதும் கால் மட்டும் இல்லை, புத்தியும் சோர்ந்துவிடும். டிஎன்எஃப் ஆவதில், அதாவது முடிக்காமல் விடுவதில், ஒரு கேவலமும் இல்லை, இது ரேஸ் கிடையாது, முதல் பரிசு கடைசிப் பரிசு கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், வெட்கப்பட ஒன்றுமே இல்லாதபோது ஒளிந்து போவானேன்?

எங்கள் அப்பா சங்ககிரியில் லாரி ஓட்டினார். பம்பாய் லோடு என்றால் போக வரப் பத்து நாள் ஆகிவிடும். அப்போது எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து மளிகைக் கடைக்குத்தான் வரும். "ஹூப்ளி தாண்டிட்டேன்", அவ்வளவுதான் பேசுவார், எஸ்டிடி பில் ஏறும் என்று உடனே வைத்துவிடுவார். அந்த இரண்டு வார்த்தை வராத நாளில் அம்மா உலை வைக்க மாட்டாள், கடைத் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பாள். நாலாவது வகுப்பு தாண்டாத மனுஷன், காசு கொடுத்து, வரிசையில் நின்று போன் போட்டார். இங்கே சட்டைப் பையில் இரண்டு சிம் வைத்திருக்கிறவர்களுக்கு நான் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

நவம்பர் 1-இல் சீசன் ஆரம்பித்தால் அக்டோபர் 31 வரைக்கும் குரூப் முழுக்க போட்டோதான். மழையில் நனைந்த முதல் 200, தை மாதப் பனியில் ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவு, ஆடிக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு சங்ககிரி தாண்டி கோவை ரோட்டில் மிதித்தது, 600-உம் முடித்துவிட்டு, ஒரே சீசனில் 200, 300, 400, 600 நாலையும் முடித்தவர்களுக்கான எஸ்ஆர் மெடலோடு நிற்பது. எல்லாம் சந்தோஷம், நானும் லைக் போடுகிறேன். அந்த வருஷம் முழுக்க மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் ஒரு போட்டோவிலாவது இருக்கிறார்களா? ஏப்ரல் வெயிலில் காய்ந்துபோகிற ஸ்டாம்ப் பேடுக்கு மை ஊற்றுவது யார்? மழையில் ஊறிப்போன பிரவே கார்டை, அதாவது ஸ்டாம்ப் அடிக்கிற அட்டையை, டீக்கடை அடுப்புப் பக்கத்தில் திருப்பித் திருப்பிக் காயவைத்து, எழுத்து அழியாமல் கொடுத்தது சார்தான். அந்தக் கார்டில் இருக்கிற நேரத்தை வைத்துத்தான் பாரிஸில் ஆடாக்ஸ் கிளப் உங்கள் ரைடை அங்கீகரித்து எண் கொடுக்கிறது. எல்லோருக்கும் 2027-இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் கனவு, 1200 கி.மீ., 90 மணி நேரம். அதற்கு அந்த வருஷத்திலேயே 200, 300, 400, 600 நாலையும் முடித்தாக வேண்டும். அந்த நாலுக்கும் ஆங்காங்கே ராத்திரி கண்விழிக்க ஆள் வேண்டுமா, வேண்டாமா?

"பொழுதுபோகாதவங்கதான் வாலண்டியரா வர்றாங்க" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு ஏழெட்டுப் பேர் கை தட்டியிருந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு நான் என் கையால் வாழைப்பழம் உரித்துக் கொடுத்திருக்கிறேன், விரல் மரத்துப்போய் உரிக்க முடியாமல் நின்றபோது. சார் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார். நான் கூப்பிட்டால், "விடும்மா, சின்னப் பசங்க" என்கிறார். அவர் விடலாம். என்னால் முடியாது.

அடுத்த 300-க்கும் தருமபுரி மேசையில் நான் இருப்பேன். கிளம்புமுன் அவரவர் கைப்பேசி எண்ணோடு வீட்டில் இருக்கிற ஒருவரின் எண்ணையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பாதியில் விட்டால் அரை மணி நேரத்துக்குள் போனோ மெசேஜோ வர வேண்டும், அடுத்தவர் போனிலிருந்து வந்தாலும் சரி. இதற்குச் சம்மதிக்காதவருக்கு என் கையால் கார்டு தரமாட்டேன். நிர்வாகத்துக்கு இது பிடிக்கவில்லை என்றால் இந்த வாரக் கூட்டத்தில் என் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும்.