அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை நான். ஆண்டுவிழா நாடகம் எட்டு வருஷமாக என் பொறுப்பு. போன வருஷம் ஒத்திகையில் கண்ணகியாக நடித்த பிள்ளை, நான் சொல்லித்தந்தபடி சிலம்பை ஓங்காமல், மெதுவாக உட்கார்ந்து அதைத் தரையில் வைத்துவிட்டுப் பேசியிருக்கிறாள். நான் வாட்ஸப்பில் பந்தல்காரருக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். மற்ற பிள்ளைகள் சத்தமே இல்லாமல் இருந்ததால்தான் நிமிர்ந்தேன்.

"இன்னொரு தடவை பண்ணு கண்ணு" என்றேன்.

"நீங்க பாக்கலீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். அப்புறம் பழையபடி சிலம்பை ஓங்கினாள். எத்தனை தடவை கேட்டும் அந்த மாதிரி உட்காரவே இல்லை.

அந்த வாரம் முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

இந்த மார்ச்சில் ஒரு பகவதி கோயில் கூத்துமாடத்தில், அதாவது கூத்துக்கென்றே கட்டிய மேடையில், தோல்பாவைகளின் நிழலைத் திரையில் காட்டி ஆடும் தோல்பாவைக்கூத்து பார்க்கப் போனேன். பாலக்காட்டுப் பக்கம் கம்பராமாயணப் பாட்டு இன்றும் ராத்திரி முழுக்க ஒலிக்கும் இடம் அது. தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காகவே ஆடுகிறார்கள் என்பது ஐதீகம். ராத்திரி இரண்டு மணிக்குத் திரைக்கு முன்னால் நாலு பேர்கூட இல்லை. அனுமதி வாங்கிப் பின்னால் போனேன். தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் வரிசையாக எரிந்தன. எண்ணெய்ப் புகையும் வெக்கையும் தாங்க முடியவில்லை. பாவை ஆட்டும் மூத்த புலவர் பாட்டைப் பாடிப் பொருள் சொல்ல, இளையவர் ராவணன் பக்கம் நின்று ஒரு கேள்வியை எடுத்துவிட்டார். பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. கையில் பாவை அசையாமல் நிற்க, கேள்வி முடியும்வரை அந்தப் பையன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவன் சொன்ன கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டே பதிலை ஆரம்பித்தார். பையன் முகம் மலர்ந்துபோனது.

பத்துப் பேரைக் கூட்டிவைத்துப் புதிதாக ஒன்றை உருவாக்குகிறவருக்கு நிறைய யோசனை வேண்டும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். யோசனை பிள்ளைகளிடமே இருக்கிறது. அது வெளியே வரும்போது நாம் முழுசாக அங்கே இருக்க வேண்டும். உடம்பு இங்கே, மனசு பந்தலில் என்றால் அவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு, ஏற்கெனவே சொல்லித்தந்ததை மட்டும் செய்துகாட்டுகிறார்கள்.

பொறுப்பில் இருப்பவர் நாலு பக்கமும் பார்க்க வேண்டாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். பார்க்கத்தான் வேண்டும். பந்தலும் மைக்கும் ஒத்திகை முடிந்து நாலரை மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வருஷம் ஒத்திகைக்குப் போகும்போது போனை ஸ்டாஃப் ரூம் மேஜைக்குள் வைத்துவிட்டுப் போகிறேன். போன வியாழக்கிழமை, காவலனாக நிற்கும் பையன், ராஜா பொய் சொல்லும் இடத்தில் தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு நொடிதான். பார்த்துவிட்டேன்.