சிங்கராயர் பேரு வெச்ச பாப்பரசரும் எங்க அம்மையோட கையும்

நேத்து ராத்திரி ஒரு வாட்ஸப் குரூப்ல இருந்து வெளிய வந்துட்டேன். பழைய லத்தீன் பூசையை நேசிக்கிறவங்க குரூப் அது, எல்லாம் நம்ம ஆளுங்கதான், மார்த்தாண்டம், களியக்காவிளை, அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் உள்ளவங்க, அறுபது எழுபது பேர் இருப்போம். நாலு வருஷமா இருந்தேன். என்னாச்சுன்னு காலையில இருந்து போன் வந்துட்டே இருக்கு, தனித்தனியா சொல்றதுக்கு இங்கயே எழுதிடுறேன். நீளமா போகும், பொறுத்துப் படிங்க.

நான் மனசு மாறிட்டேன்னு சிலர் நினைக்கிறாங்க, அதெல்லாம் இல்ல. எனக்கு இன்னிக்கும் பழைய பூசைதான். சாமியாரும் ஜனங்களும் ஒரே திசையில பீடத்தைப் பார்த்து நிக்கிற பூசை, கிராதியில முழங்கால் போட்டு நாக்குல நன்மை, அதான் நற்கருணை, வாங்குற பூசை. 2007-ல 16-ம் ஆசீர்வாதப்பர், அதான் பெனடிக்ட், அதுக்கு வழி திறந்து விட்டப்ப எங்களுக்கு எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லி மாளாது. ஒரு குருசடிக்குப் பக்கத்துல இருந்த சின்னக் கோயில்ல வயசான ஒரு சாமியார் மாசத்துக்கு ஒரு தடவை எங்களுக்காகப் பூசை வெச்சுத் தந்தார், முப்பது பேர் வருவோம், மழைன்னா இருபது. அப்புறம் 2021 ஜூலை 16 வந்துச்சு. உத்தரிய மாதா திருநாள். அன்னிக்குத்தான் பாப்பரசர் பிரான்சிஸ் பெனடிக்ட் திறந்த கதவை மூடினார். ஆயர் அனுமதி வேணும், பங்குக் கோயில்ல கூடாது, புதுசா பட்டம் வாங்குற குருன்னா ரோமைக் கேட்டுத்தான் அனுமதி குடுக்கணும்னு ஆயிடுச்சு. அடுத்த மாசம் எங்க பூசை நின்னுச்சு. அந்தக் கிழவர் எங்ககிட்ட ஒண்ணும் சொல்லல, திருவுடுப்பை மடிச்சு ஒரு பிளாஸ்டிக் கவர்ல வெச்சு என் கையில தந்துட்டு, பத்திரமா வெய் மக்களேன்னு மட்டும் சொன்னார். இப்பவும் எங்க வீட்டு பீரோவுலதான் இருக்கு.

எங்க அம்மையைப் பத்தி சொல்லாம இது முடியாது. அம்மை பதிமூணு வயசுல அண்டி ஆபீசுக்குப் போனவ. முந்திரிக்கொட்டையைத் தல்லித் தல்லி, அந்தத் தோட்டுல இருந்து வர்ற எண்ணெய் கையைப் பொத்துடும், அதுக்குச் சாம்பலைப் பூசிட்டு மறுபடி தல்லுவாங்க. சனிக்கிழமை ராத்திரி உமிக்கரியும் சோப்பும் போட்டுத் தேய்ச்சாலும் அந்தக் கருப்பு போகாது. கொரோனாவுக்கு அப்புறம் எங்க பக்கத்துல ஒரு கோயில்ல இனிமே கையிலதான் நன்மைன்னு கறாரா சொல்லிட்டாங்க. அம்மை வரிசையில போய் நின்னா, அவ முறை வந்தப்ப கையை நீட்டவே இல்ல, முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டா. குடுக்க மாட்டேன்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து திண்ணையில உக்காந்து, "இந்தக் கருங்கையில ஆண்டவரை எப்பிடிலே வாங்குவேன்"ன்னு கேட்டா. கையில வாங்குறவங்களை நான் குறை சொல்லல, அதுவும் திருச்சபை அனுமதிச்சதுதான். ஆனா அம்மைக்கு நாக்கும் முழங்காலும்தான் தெரியும், அதை ஏன் பிடுங்கணும்?

அவளுக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. ஆனா "தோமினுஸ் வோபிஸ்கும்"னு நான் சும்மா சொன்னாலும் அடுப்படியில இருந்து "எத் கூம் ஸ்பிரித்து துவோ"ன்னு பதில் வரும். 1965-ல தமிழ் வந்தப்ப அவளுக்குப் பதினோரு வயசு. அதுக்கு முன்ன காதால கேட்டதுதான், அறுபது வருஷமா நாக்குல இருக்கு. புரியாத பாஷைல என்ன பக்தின்னு கேக்குறவங்க ஒரு தடவை எங்க அம்மைகிட்ட வந்து பேசிப் பாருங்க.

இவ்வளவு வலி இருந்தும் பிரான்சிஸ் பாப்பரசர் இறந்தப்ப, 2025 ஏப்ரல் 21, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கக்கிழமை, அந்தக் குரூப்ல சிலர் பட்டாசு ஸ்டிக்கர் போட்டதை என்னால தாங்க முடியல. செத்தவருக்கு முதல்ல ஒரு ஜெபமாலை சொல்லணும்னுதானே நம்ம பாட்டிமார் படிச்சுத் தந்தாங்க, அது பாரம்பரியம் இல்லையா? அவர் மேல எனக்கு வருத்தம் உண்டு, ஒரே பாலின ஜோடிகளுக்கும் ஆசீர்வாதம் குடுக்கலாம்னு 2023 டிசம்பர்ல வந்த அந்த அறிக்கையும் இன்னிக்கு வரைக்கும் உறுத்துது. ஆனா நம்ம நட்டாலத்துக்காரர், நீலகண்டனாப் பிறந்து 1745-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கி, 1752-ல ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுடப்பட்டுச் செத்த தேவசகாயத்துக்கு 2022 மே 15-ல புனிதர் பட்டம் குடுத்தது யாரு? அதே பிரான்சிஸ்தான். தேவசகாயம் கேட்டது லத்தீன் பூசை. அந்தப் பூசையை முடக்கினவரும், அதைக் கேட்ட எங்க மண்ணோட பிள்ளையைப் பீடத்துல ஏத்தினவரும் ஒரே ஆள். அன்னிக்கு அம்மை டிவி முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டுட்டே இருந்தா. அந்த மனுஷன் செத்ததுக்கு எப்பிடிப் பட்டாசு போட முடியும்?

2025 மே 8. ராத்திரி ஒம்பதரை தாண்டி வெள்ளைப் புகை, புதுப் பாப்பரசர் கிடைச்சாச்சுன்னு அடையாளம். 133 கர்தினால்மார் உள்ள, அதுல நம்ம நாட்டுக்காரங்க நாலு பேர், திருவனந்தபுரத்து பசேலியோஸ் கிளீமிஸ் உட்பட. மார்த்தாண்டத்துல லத்தீன், மலங்கரை, மலபார் மூணு ரீத்து, அதான் வழிபாட்டு முறை, உள்ளவங்களும் ஒரே சந்தையில மீன் வாங்குறவங்க, அதனால அன்னிக்கு எல்லா வீட்டுலயும் டிவி ஓடிச்சு. பால்கனியில அவர் வந்து நின்னப்ப தோள்ல அந்தச் சிவப்பு மேலாடை. பிரான்சிஸ் அதைப் போடாமத்தான் வந்தார், அதனால எனக்குக் கண்ணு நிறைஞ்சுடுச்சு. அம்மை, "பழைய காலண்டர் படத்துல உள்ளது மாதிரியே இருக்காவளே"ன்னா. பேரு லியோன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "லியோன்னா சிங்கராயர்லா?"ன்னு கேட்டா.

ஆமா, சிங்கராயர். நம்ம பெரியவங்க இராயப்பர், சின்னப்பர், அருளப்பர்னு எல்லாப் பேரையும் தமிழாக்கித்தான் கும்பிட்டாங்க. இவருக்கு முந்தின சிங்கராயர், 13-ம் லியோ, அவரைப் பாரம்பரியக்காரங்க எல்லாருக்கும் பிடிக்கும், ஏன்னா பூசை முடிஞ்சதும் முழங்கால்ல நின்னு சொல்ற மிக்கேல் சம்மனசு ஜெபம் அவர் தந்தது. மே 8-ம் 1960-க்கு முந்தின காலண்டர்ல மிக்கேல் சம்மனசு காட்சி குடுத்த திருநாள், அதைக் குரூப்ல முதல்ல போட்டதே நான்தான், எல்லாரும் ஆமென் ஆமென்னு போட்டாங்க. ஆனா அதே 13-ம் லியோதான் 1891-ல தொழிலாளிக்கு நியாயமான கூலி குடுக்கணும், சங்கம் வைக்க அவனுக்கு உரிமை உண்டுன்னு சுற்றுமடல் எழுதினார். புதுப் பாப்பரசரும் அந்த மடலை மனசுல வெச்சுத்தான் இந்தப் பேரை எடுத்தேன்னு கர்தினால்மார்கிட்ட சொன்னார். அதைப் போட்டேன். ஒரு ஆமென் வரல.

நான் சொல்ல வர்றது இதுதான். மிக்கேல் ஜெபமும் கூலி மடலும் ஒரே ஆளோட கையில இருந்து வந்தது, அதை ரெண்டா வெட்டி ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு அதுக்குப் பாரம்பரியம்னு பேர் வைக்கக் கூடாது.

இந்த வெட்டு எங்கிருந்து வருதுன்னா அமெரிக்கால இருந்து. அங்க உள்ள யூடியூப்காரங்க பேசுறதை அப்பிடியே நம்ம பசங்க தமிழ்ல பேசுறாங்க. கான்கிளேவுக்கு, அதான் பாப்பரசர் தேர்தலுக்கு, முன்ன ட்ரம்ப் பாப்பரசர் உடுப்புல இருக்கிற மாதிரி ஏஐ படம் ஒண்ணு போட்டார் இல்லையா, செத்த பாப்பரசரை அடக்கம் பண்ணி ஒரு வாரம்கூட சரியா ஆகல, அதை நம்ம குரூப்ல ஒருத்தர் சிரிப்போட ஷேர் பண்றார். தாலி மாதிரி உத்தரியம் போட்டுட்டுத் திரியுற ஆள் அவர்! துணை ஜனாதிபதி வான்ஸ், 2019-ல கத்தோலிக்கரா ஆனவர், அன்புக்கு ஒரு வரிசை இருக்கு, முதல்ல குடும்பம், அப்புறம் அயலான், அப்புறம் நாடு, மத்தவன் கடைசின்னு பேசினார். 2025 பிப்ரவரி 10-ம் தேதி பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்குக் கடிதம் எழுதி, அடிபட்டுக் கிடந்த முன்பின் தெரியாதவனைக் காப்பாத்தின நல்ல சமாரியன் உவமையை யோசிச்சுப் பாருங்க, அதுல உள்ளதுதான் அன்போட உண்மையான வரிசைன்னார். அதே நாட்கள்ல இப்ப பாப்பரசரா இருக்கிற இவரும், அப்ப கர்தினால், வான்ஸ் சொல்றது தப்புன்னு ஒரு கட்டுரையை எக்ஸ்ல ஷேர் பண்ணினார். குரூப்ல எல்லாரும் வான்ஸ் பக்கம், பழைய இறையியல் மேதை புனித அக்வினாஸ் அப்பிடித்தான் சொல்லிருக்கார்னு வாதம்.

அந்தக் கடிதத்துக்கு அஞ்சு நாள் முன்ன என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? 104 இந்தியர்களை விலங்கு மாட்டி ராணுவ விமானத்துல கொண்டு வந்து அமிர்தசரஸ்ல இறக்கினாங்க. நம்ம ஊர்ல கல்ஃபுக்கு ஆள் போகாத வீடு எது சொல்லுங்க. எங்க அண்ணன் விசா முடிஞ்சு ரெண்டு வருஷம் அங்க ஒளிஞ்சு வேலை பார்த்தவன், பொதுமன்னிப்பு வந்தப்பதான் வீடு வந்து சேந்தான். அந்த ரெண்டு வருஷம் அம்மை சொன்ன ஜெபமாலைக்குக் கணக்கு கிடையாது. நம்ம பிள்ளை காலுக்கு விலங்கு போடுறவனுக்கு நாமளே இறையியல் எடுத்துக் குடுக்குறோம்னா நமக்கு என்ன ஆச்சு?

இங்கயும் அதேதான். கேரளால முனம்பத்துல அறுநூறு குடும்பத்துக்கிட்ட, பெரும்பாலும் லத்தீன் கத்தோலிக்க மீனவ ஜனங்க, வக்ஃபு வழக்குல நிலத்துக்காகப் போராடினாங்க, அவங்க பக்கம் நியாயம் இருக்கு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அதைக் காட்டி நமக்கு பாஜகதான் காவல்னு பேசினவங்க, 2025 ஜூலை மாசம் சத்தீஸ்கர் துர்க் ரயில் ஸ்டேஷன்ல பஜ்ரங்தள் ஆளுங்க புகார்ல ரெண்டு மலையாளி கன்னியாஸ்திரிகளைப் பிடிச்சு ஒரு வாரத்துக்கு மேல ஜெயில்ல வெச்சப்ப ஏன் வாயைத் திறக்கல? அந்த வாரம் குரூப்ல என்ன ஓடுச்சு தெரியுமா, முக்காடு எத்தனை இஞ்ச் இருக்கணும்னு. ஜெயில்ல இருந்தவங்க தலையிலயும் முக்காடு இருந்துச்சு.

பிரான்சிஸ் பாரம்பரியத்துக்கே விரோதின்னு சொல்றவங்க எர்ணாகுளத்தைக் கொஞ்சம் பாருங்க. சீரோ மலபார் சபையில பாதிப் பூசை ஜனங்களைப் பார்த்து, பாதி பீடத்தைப் பார்த்துன்னு 2021-ல சினடு, அதான் ஆயர்கள் கூட்டம், முடிவு பண்ணிச்சு, எர்ணாகுளம் அங்கமாலியில பெரும்பாலான குருக்கள் முழுசும் ஜனங்களைப் பார்த்துத்தான் வைப்போம்னு நின்னாங்க, அடிதடி, பசிலிக்காவுக்குப் பூட்டு. அப்ப சினடு சொன்னபடி பீடத்தைப் பார்த்துத் திரும்புங்கன்னு 2023 டிசம்பர்ல வீடியோ போட்டுக் கேட்டுக்கிட்டது இதே பிரான்சிஸ்தான். ஒரு மனுஷனை ஒரே வார்த்தைல அடக்க முடியாது.

இனி நேத்து நடந்தது. லியோ பாப்பரசர் 2025 அக்டோபர்ல ஏழைகளைப் பத்தி ஒரு ஊக்கவுரை குடுத்தார், பிரான்சிஸ் தொடங்கி வெச்சதை இவர் முடிச்சது. அதுல இருந்து ரெண்டு வரி போட்டேன். உடனே ஒருத்தர், "இவரும் கம்யூனிஸ்ட்தான், ஏமாந்துட்டோம்". இன்னொருத்தர், "அடுத்த ஆளுக்கு ஜெபிப்போம்". உயிரோட இருக்கிற பாப்பரசரைப் பத்தி இப்பிடி! அதே அக்டோபர் 25-ல வத்திக்கான்ல இராயப்பர் பேராலயத்துல அமெரிக்கக் கர்தினால் பர்க் பழைய பூசை வைக்க அனுமதிச்சதும் இவர்தான், முந்தின ரெண்டு வருஷம் அது கிடைக்கல. அந்தப் போட்டோவுக்கு இதே ஆளுங்க நெஞ்சுல கை வெச்சு அழுதாங்க. 2025 செப்டம்பர்ல வந்த ஒரு பேட்டியில பாப்பரசர், வழிபாட்டை அரசியல் கருவியா ஆக்கிட்டாங்க, அது வருத்தமா இருக்குன்னார். படிச்சப்ப எனக்குக் கோவம் வந்துச்சு, எங்க அம்மை என்ன அரசியல் பண்ணினான்னு. நேத்து அந்த ரெண்டு கமெண்டையும் பார்த்ததுக்கு அப்புறம் அவர் யாரைச் சொன்னார்னு புரிஞ்சுது. இவங்க பேசுற பேச்சுலதான் எங்க அம்மைக்கு அந்தப் பூசை கிடைக்காமப் போகுது. ஒரு ஆயர் இந்த கமெண்டுகளைப் படிச்சா அனுமதி குடுப்பாரா? நானா இருந்தா குடுக்க மாட்டேன். வெளிய வந்துட்டேன்.

இப்ப ஒரு காரியம் தொடங்கிருக்கோம். ஆயருக்கு ஒரு விண்ணப்பம். மாசம் ஒரு பூசை, பழைய முறையில, எந்தக் கோயில்னு அவரே சொல்லட்டும், பங்குக் கோயில்னா ரோமுக்கு எழுதிக் கேட்டுத் தரணும்னு பணிவா எழுதிருக்கோம். பாப்பரசர் லியோவுக்குக் கீழ்ப்படிஞ்ச பிள்ளைகளாக் கேக்குறோம்னு முதல் வரியிலயே போட்டிருக்கு, அந்த வரிக்குச் சம்மதம் உள்ளவங்க மட்டும் கையெழுத்துப் போட வாங்க, இன்பாக்ஸ்ல சொல்லுங்க. இது வரைக்கும் முப்பத்தெட்டு பேர்.

முதல் பேர் அம்மை. கைநாட்டு. மையில தொட்டு வெச்சா காகிதத்துல வெறும் நீல வட்டம்தான் வருது, ரேகையே இல்ல, அண்டி எண்ணெயில எல்லாம் தேஞ்சு போயிருக்கு, ஆதாருக்கும் இதே கதைதான். மூணு தடவை வெச்சுப் பார்த்தா. அப்புறம் பெருவிரலை முந்தானையில துடைச்சுட்டு, "இது போதும்லே, ஆயருக்குத் தெரியாட்டாலும் ஆண்டவருக்கு ஆளு தெரியும்"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. விண்ணப்பத்துல அந்த மூணு வட்டமும் அப்பிடியே இருக்கு, திங்கக்கிழமை கொண்டு குடுக்குறோம்.